மாறாததற்கு ஒரு வாக்கியம்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பா கேட்ட முதல் கேள்வி, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பது. "அகராதி ஆபீஸ்ல இருக்கேன். இப்போ ஜி-யில இருக்கேன், சீக்கிரம் எச்-சுக்குப் போயிடுவேன்" என்றார் மாப்பிள்ளை. அப்பா அதைப் பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டார். வெறும் எழுத்துத்தான் என்று தெரிய வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. ஜி முடிய மூன்று வருடம், எச் முடிய ஏழு வருடம் என்று எங்கள் வாழ்க்கை எழுத்து எழுத்தாக நகர்ந்தது. ஐ என்ற ஒரே எழுத்தில் மட்டும் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தார். தெருவில் அவருக்குப் பெயரே ஐ-காரர் என்று ஆகிவிட்டது. அவர் போய் மூன்று வருடமாகிறது. இன்றைக்கும் கறிகாய் வாங்கப் போனால் "ஐ-காரர் வீட்டம்மா" என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அகராதி ஆபீஸ் என்றதும் பெரிய கட்டடமாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பேக்கரியின் மாடியில் மூன்று அறை, ஏழு பேர், சுவர் முழுக்க இழுப்பறை. காலை பத்து மணிக்குக் கீழேயிருந்து ரொட்டி வாசனை ஏறி வரும். அதற்குப் பிறகு மதியம்வரை யாருக்கும் வேலை ஓடாது என்பார். ஆங்கிலச் சொல் ஒன்று, அதற்குத் தமிழில் பொருள், அது எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி, கடைசியில் ஓர் உதாரண வாக்கியம். மற்ற அகராதிக்காரர்கள் உதாரணத்தை உட்கார்ந்த இடத்தில் யோசித்து எழுதிவிடுவார்களாம். இவர்கள் ஆபீஸில் அது பெரிய பாவம். அதற்குச் சொந்தச் சரக்கு என்று பெயர். யாராவது ஓர் ஆள், எங்காவது ஓர் இடத்தில், நிஜமாகவே வாய் திறந்து சொன்ன வாக்கியமாக இருக்க வேண்டும். கேட்ட இடத்திலேயே ஒரு சீட்டில் வாக்கியம், சொன்னவர் பெயர், தேதி மூன்றையும் எழுதிவிட வேண்டும். அதற்கு வாய்ச் சீட்டு என்று பெயர். எழுதியவர் தன் கையால் அதைக் கிழிக்கக் கூடாது.

இந்த விதியைப் போட்டவர் தலைமை ஆசிரியராக இருந்த ஓர் அம்மாள். சீஃப் மேடம் என்பார்கள். அவர் போட்டது ஒரு பங்கு என்றால் எங்கள் வீட்டுக்காரர் அதைக் கடைப்பிடித்தது பத்துப் பங்கு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டுச் சீட்டு இருக்கும். முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் பாதித் தலையோடு எழுந்து நின்று எழுதியிருக்கிறார். பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டு போனதைக் கேட்டுக்கொண்டே போய் ஐந்து ஸ்டாப் தாண்டி இறங்கியிருக்கிறார். நான் திட்ட ஆரம்பித்தால் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்கும். எனக்குச் சட்டைக் கம்பெனியில் துணி வெட்டும் வேலை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயும் கொஞ்சம் வெட்டத்தான் செய்யும். அப்படி நான் திட்டியது மட்டும் பதினாறு இடத்தில் அந்த அகராதியில் அச்சாகியிருக்கிறது. திருத்தவே முடியாதவர் என்று பொருள் வரும் 'இன்காரிஜிபிள்' என்ற சொல்லுக்குக் கீழே பாருங்கள்: "சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணிதான் வத்திப் போச்சு." அது நான்தான்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. அந்தப் பேனாவால் எங்கள் குடும்பம் பதினோரு வருடம் உடைந்து கிடந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்குத் தம்பி ஒருவன் உண்டு, அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அண்ணன்தான் அவனுக்குத் தலை வாரி விட்டு, பாடம் சொல்லிக் கொடுத்து, ஜுரம் வந்தால் பக்கத்தில் படுத்து வளர்த்தார். நான் அந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தனுக்குப் பதினாலு வயது. ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் அவன் பள்ளிக்கூடச் சட்டையில் பொத்தான் தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து "அண்ணி, அண்ணி" என்று என் காலையே சுற்றிக்கொண்டிருந்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அது ஒரு குறையாகத் தெரியாமல் பார்த்துக்கொண்டது அவன்தான், அவனுக்கே தெரியாமல்.

வளர்ந்ததும் பல் செட் செய்கிற வேலை படிக்க வேறோர் ஊருக்குப் போனான். அவனுடைய கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரத்தில் மாமனாருக்கு முடியாமல் போனது. "அவனுக்குச் சொல்லிடுங்க" என்றேன். "இன்னும் ரெண்டே பரீட்சை. முடிச்சுட்டு நிம்மதியா வரட்டும். அப்பா தாங்கிடுவார்" என்றார். மாமனார் தாங்கவில்லை. கொழுந்தன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் பிற்பகல் முன்னறையில் அண்ணனும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். நான் டீ போட உள்ளே போனேன். தம்பியின் குரல் உயர்ந்தது, பிறகு உடைந்தது. அழுகிறான், அழுது தீர்க்கட்டும், அண்ணன்தானே என்று விட்டுவிட்டேன். தட்டோடு திரும்பி வந்தபோது அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியில் குனிந்து, முழங்காலில் சீட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"பாருங்க அண்ணி. நான் இங்க அழுதுக்கிட்டு நிக்கிறேன், இவரு எழுதிக்கிட்டு இருக்காரு" என்றான்.

"ஒரு நிமிஷம்டா" என்றார் இவர். தேதியைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அதற்குள் வாசல் கதவு சாத்தியாகிவிட்டது. செருப்புகூடப் போடாமல் தெருமுனைவரை ஓடினார். பஸ் போயிருந்தது.

அன்று நான் பேசிய பேச்சுக்கு அவர் பேனாவைத் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "என் கை தானாப் போச்சு. அவன் முகத்தைப் பார்க்க முடியலை, அதான் காகிதத்தைப் பார்த்தேன்" என்றார். அவர் சொன்னது நிஜம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய? அதைக் கேட்க வேண்டியவன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடிதம் எழுத உட்காருவார், ஒரு சொல்லை அடிப்பார், வேறு சொல் போடுவார், அதையும் அடிப்பார். சாதாரண மனிதனாக இருந்தால் 'மன்னிச்சுக்கோடா' என்று ஒரு வரியில் முடித்திருப்பான். இவர் ஏழு கடிதம் எழுதி ஒன்றையும் அனுப்பவில்லை. நான் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் வீம்பு இருந்தது. டீத்தட்டோடு என்னை நிறுத்திவிட்டு, போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லாமல் போனவன், அவனாக வரட்டும் என்று இருந்துவிட்டேன். அவனுக்குக் கல்யாணமானதும், பெண் குழந்தை பிறந்ததும் மூன்றாம் மனிதர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தச் செய்தி வந்த அன்று இவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. ஆனால் இரண்டு பேரும் பசியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

இப்படியே பதினோரு வருடம் போன பிறகு, ஒருநாள் மாலை நான் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மாத்தவே முடியாத ஒண்ணு சொல்லு" என்றார்.

"உங்க பிடிவாதம்."

"நிஜமாத்தான் கேக்கறேன். இப்போ 'இம்மியூட்டபிள்'ங்கிற சொல்லுக்கு வந்திருக்கேன். எக்காலத்துக்கும் மாறாததுன்னு அர்த்தம். லத்தீன்ல 'மூட்டாரே'ன்னா மாத்துறது. அதுக்கு முன்னாடி இல்லைங்கிறதுக்கு 'இன்' சேரும். 'ம' சத்தத்துக்குப் பக்கத்துல வந்ததும் அது 'இம்'முனு ஆயிடும்."

"மாறாததுன்னு பேரை வச்சுக்கிட்டு முதல் அடியிலேயே அதுதான் மாறியிருக்கு. நல்ல லட்சணம்" என்றேன்.

அவர் சிரித்தார். அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. பிறகு, அந்தச் சொல்லின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் ஆதியில் கைமாற்றுவது, கொடுத்து வாங்குவது என்ற பொருளில் போய் நிற்குமாம். நீயும் நானும் ஒருவருக்கொருவர் என்பதற்கான 'மியூச்சுவல்', எல்லாருக்கும் பொதுவான 'காமன்', தினமும் ஆபீஸுக்குப் போய்வரும் 'கம்யூட்' எல்லாம் அதே வேரில் கிளைத்த பங்காளிகள் என்று அறிஞர்கள் சொல்கிறார்களாம். "மாறவே மாறாததுங்கிற சொல்லுக்குள்ள போய்ப் பார்த்தா, ரெண்டு பேர் கொடுத்து வாங்கிக்கிட்டு நிக்கிறாங்க. வேடிக்கையா இல்லை?" என்றார். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. அவர் வேறு எதையோ சொல்ல வந்திருக்கிறார் என்பதுதான் தெரிந்தது.

"எதுக்கு இப்போ சுத்தி வளைக்கிறீங்க? விஷயத்தைச் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். அந்தச் சொல்லுக்கான உறையில் மூன்றே மூன்று வாய்ச் சீட்டுகள் இருந்தன. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு சீட்டுக்கும் மறுகேள்வி என்று ஒன்று நடக்கும். யார் காதால் கேட்டு எழுதினாரோ அவரே, சொன்னவரிடம் திரும்பப் போய், சீட்டைப் படித்துக் காட்டி இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது நீங்கள் சொன்னதுதானா? இன்றைக்கும் இப்படியேதான் சொல்வீர்களா? ஆம் என்று கையெழுத்துப் போட்டால் வாக்கியம் அச்சேறும். முதல் சீட்டைச் சொன்னவர் இறந்துவிட்டார். இரண்டாவது ஆள், நான் எப்போ அப்படிச் சொன்னேன் என்று சண்டைக்கு வந்துவிட்டார். மூன்றாவது சீட்டில் கொழுந்தன் பெயர் இருந்தது.

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தேன். "அன்னிக்கு எழுதின அந்தச் சீட்டா? அதைக் கொண்டுபோய் ஆபீஸ்ல சேர்த்தீங்களா?"

"வாய்ச் சீட்டைக் கிழிக்கக் கூடாது. அது விதி."

"உங்க விதியில இடி விழ!"

நான் கத்தி ஓய்ந்தேன். பிறகுதான் மீதியைச் சொன்னார். வாக்கியமே இல்லாமல் விட்டுவிடுகிறேன் என்று சீஃப் மேடத்திடம் கேட்டிருக்கிறார். அவர் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார். "உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. மறுகேள்வி கேக்காத சீட்டை வெள்ளிக்கிழமை எரிச்சுடுவோம். அப்புறம் அதை வச்சுக்கிட்டு நீங்க யார் வாசலுக்கும் போக முடியாது" என்றாராம். அந்த அம்மாளுக்கு எவ்வளவு தெரியுமோ எனக்குத் தெரியாது.

அன்று புதன்கிழமை. எங்கள் வீட்டுக்காரருக்கு வேண்டியது ஒரு சாக்கு. பதினோரு வருடமாக அந்த வாசலுக்குப் போக அவருக்குக் கிடைத்த ஒரே சாக்கு அந்தச் சீட்டு. தம்பி கதவைச் சாத்திவிட்டால் அதுவும் போய்விடும். அதற்குத்தான் பயந்துகொண்டு, கிடைத்த சாக்கைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினார்.

"நாளைக்கு லீவு போடறேன். நானும் வர்றேன்" என்றேன்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். வழி முழுக்க அவர் அந்த இரண்டு கேள்விகளையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. கொழுந்தனுடைய வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலை ஒட்டிய அறையைப் பட்டறையாக வைத்திருந்தான். சுவர் அலமாரி முழுக்க யார் யாருடையதோ பற்களின் அச்சு, வெள்ளை மாவில் வார்த்தது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் எழுதியிருந்தது. ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் கத்தியின் நுனியைச் சூடு காட்டி, சிவப்பு மெழுகில் பல் பல்லாகப் பதித்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அதைப் பார்த்ததும் என் வீம்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

நிமிர்ந்து எங்களைப் பார்த்தான்.  "வாங்க அண்ணி" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டான். அண்ணனை வா என்று சொல்லவில்லை.

"நல்லா இருக்கியாப்பா?" என்றேன்.

"இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மெழுகில் குனிந்துகொண்டான்.

எங்கள் வீட்டுக்காரர் நின்றபடியே பையிலிருந்து சீட்டை எடுத்தார். பேனாவை எடுத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏதோ முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்தவர்போல ஆரம்பித்தார்: "அகராதி ஆபீஸ்லேர்ந்து வர்றேன். நீங்க சொன்னதா எங்ககிட்ட ஒரு வாக்கியம் இருக்கு. 'அப்பா போனதை இனி யாராலயும் மாத்த முடியாது. நீ சொல்லாம விட்டதையும் மாத்த முடியாது.' இது நீங்க சொன்னதுதானா?"

எனக்கு அவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம்போல இருந்தது. சொந்தத் தம்பியை நீங்க என்கிறார்! ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் அவரால் அங்கே நின்றிருக்கவே முடியாது. அது எனக்குப் புரிந்தது. தம்பிக்குப் புரிய வேண்டுமே என்று உள்ளுக்குள் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொழுந்தன் கத்தியை வைத்துவிட்டுக் கையை நீட்டினான். சீட்டை வாங்கிப் பார்த்தான். பின்பக்கம் திருப்பினான். அங்கே ஒன்றும் இல்லை.

"இது பாதிதான்" என்றான்.

"எது பாதி?"

"நான் சொன்னதுல பாதிதான் இதுல இருக்கு. மீதியை நீ எழுதலை."

"நீ சொன்னது அவ்வளவும் எழுதினேனேடா" என்றார். நீங்க போய் டா வந்துவிட்டது. "ஒரு எழுத்து விடலை."

"நீ குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தப்போ சொன்னேன். உனக்குக் கேக்கலை. தேதி போட்டுக்கிட்டு இருந்தே."

பதினோரு வருடமாக அந்தச் சீட்டை நெஞ்சில் சுமந்தவருக்கு அதில் பாதி இல்லை என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது.  பழக்கம் விடுமா? கை தானாகப் பேனா மூடியைத் திறந்தது. "என்னடா சொன்னே? சொல்லு" என்றார்.

"முதல்ல பேனாவைக் கீழ வை."

வைத்தார். வைத்த வேகத்தில் அது உருண்டு மேஜைக்கு அடியில் போயிற்று. அவர் குனிந்து தேடவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாத்த முடியாது, சரி, போகட்டும் அண்ணான்னு சொன்னேன். இனி எனக்கு நீ ஒருத்தன்தான் இருக்கே, நீயும் விட்டுடாதேன்னேன். சொல்லிட்டு நீ நிமிருவேன்னு நின்னுக்கிட்டே இருந்தேன். நீ நிமிரலை. நீ கேட்டுட்டுத்தான் பேசாம இருக்கேன்னு நினைச்சேன்."

 எங்கள் வீட்டுக்காரர் அழுததை நான் மாமனார் போன அன்றுகூடப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் நின்றார். பிறகு இரண்டாவது கேள்வியைக் கேட்டார். ஆபீஸ் கேள்விதான். ஆனால் பாதியில் இரண்டு முறை நின்று போயிற்று.

"இன்னைக்கும்... இன்னைக்கும் அப்படியேதான் சொல்வியாடா?"

 கொழுந்தன் விளக்கை மூடி போட்டு அணைத்தான். கையில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினான். ரொம்ப நிதானமாகச் சுரண்டினான். போச்சு, எல்லாம் போச்சு, கதவைக் காட்டப் போகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவன் உள்வாசல் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டான்.

"பாப்பா! எழுதினது போதும், இங்க வா. பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருக்காங்க."

பெரியம்மா. அந்த வார்த்தையைச் சொல்லி என்னை அதுவரை யாரும் குறிப்பிட்டதில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

எட்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவரிடம் பார்வையை நிறுத்தினாள்.

"அப்பாவுக்கு நீச்சல் கத்துக்கொடுக்கப் போய் நீங்களே முழுகினீங்களே, அந்தப் பெரியப்பாவா?" என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். இத்தனை வருடமாக அவரைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் நடந்தது, ஒரு நாள் விடாமல்.

"ஆமாடா. அந்தப் பெரியப்பாதான்" என்றான் கொழுந்தன்.